கயாக்குக்கும் கேனோவுக்கும் மாநிலப் பதிவுக் கட்டணம் தேவையா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் இதுவரை மோட்டார் படகுகளுக்கு மட்டும் இருந்துவந்த பதிவு முறையைக் கயாக், கேனோ போன்ற துடுப்புப் படகுகளுக்கும் விரித்து, படகு ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது, இது நியாயமா, இதை ஆதரிப்பதா எதிர்ப்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு வேண்டாம். அதே நேரத்தில், துடுப்புப் போடுபவர்கள் எதற்கும் பணம் தர வேண்டியதில்லை என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. அரசு கட்டிப் பராமரிக்கும் ஓர் இறங்குதுறையைப் பயன்படுத்துபவர் அதற்கு ஒரு சிறு தொகை தருவது முறைதான். தண்ணீரில் மிதப்பதற்காகவோ, வீட்டுக் கொட்டகையில் ஒரு படகு வைத்திருப்பதற்காகவோ காசு கேட்பதுதான் முறையன்று. இந்த விவாதம் நடக்கும் இடங்களிலெல்லாம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கேட்காமலே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் வசிப்பது ஒஹாயோவில். இங்கே துடுப்புப் படகுக்கும் பதிவு கட்டாயம். ஆகவே அந்த முறையை உள்ளிருந்து பார்த்தவன் என்ற வகையிலும் சில விவரங்களைச் சொல்ல முடியும்.

முதலில் சட்டத்தின் நிலை. படகுகளுக்குப் பதிவு எண் கொடுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் பெருமளவில் ஒப்படைத்தது 1958ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம். அப்போது பத்துக் குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எந்திரம் பொருத்திய படகுகளே அதில் அடங்கின. 1971இல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டம் அந்த எல்லையை நீக்கி, எந்த அளவு எந்திரம் இருந்தாலும் எண் வேண்டும் என்றாக்கியது. கேனோவில் ஒரு சிறிய மின்மோட்டாரைப் பொருத்திவிட்டால் அதுவும் சட்டப்படி மோட்டார் படகுதான். எந்த மாநிலமானாலும் பதிய வேண்டும். ஆனால் துடுப்பால் மட்டும் செல்லும் படகைப் பற்றிக் கூட்டரசு எந்தக் கட்டாயமும் விதிக்கவில்லை. அந்த முடிவு முழுவதும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் பதிவு தேவையில்லை என்றே விட்டுவிட்டன.

விடாத மாநிலங்கள் சில உண்டு. ஒஹாயோவில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 20 முதல் 25 டாலர் அளவில் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஏரிகளின் மாநிலமான மின்னசோட்டாவிலும் பதிவு உண்டு. பத்து அடியோ அதற்குக் குறைவோ நீளமுள்ள மோட்டார் இல்லாப் படகுகளுக்கு மட்டும் விலக்கு. அயோவாவில் பதின்மூன்று அடி வரையுள்ள கயாக், கேனோவுக்கு விலக்கு. அதற்கு மேல் ஓர் அங்குலம் நீண்டாலும் பதிவு. இந்த நீளக் கணக்குக்கு ஆற்றிலோ ஏரியிலோ எந்தப் பொருளும் இல்லை. பன்னிரண்டு அடிக் கயாக்கும் பதினான்கு அடிக் கயாக்கும் ஒரே துறையில் இறங்கி, ஒரே தண்ணீரில் சென்று, ஒரே இடத்தில் கரையேறுகின்றன. எல்லாரையும் பிடித்தால் எதிர்ப்பு பெரிதாகும், யாரையும் பிடிக்காவிட்டால் வருவாய் இல்லை என்ற சங்கடத்தில் சட்டமன்றங்கள் எங்கோ கோடு போட்டிருக்கின்றன என்பதே என் கணிப்பு. மிச்சிகன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்களில் இந்த யோசனை பலமுறை எழுந்து, துடுப்புப் படகோட்டிகளின் எதிர்ப்பால் அடங்கியும் போயிருக்கிறது.

இனி மோட்டார் படகு வைத்திருப்பவர்களின் வாதத்துக்கு வருவோம். அதை அற்பமாகத் தள்ளக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் படகுத்துறைகளுக்கும் மீன்வளத்துக்கும் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வருவதில்லை. 1950ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டமும், 1984இல் அதை விரிவாக்கிய வாலப்-புரோ திருத்தமும் ஒரு தனி நிதியத்தை உருவாக்கின. தூண்டில் சாமான்கள் மீதான பத்து விழுக்காட்டு வரி, மோட்டார் படகில் எரியும் பெட்ரோலுக்கு ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் வீதம் செலுத்தப்படும் கூட்டரசு வரியில் பெரும்பகுதி, இறக்குமதியாகும் தூண்டில் சாமான்கள், உல்லாசப் படகுகள் ஆகியவற்றின் சுங்கத் தீர்வை எல்லாம் அதில் சேர்கின்றன. அங்கிருந்து மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் மீன்வளத் தொகையில் பதினைந்து விழுக்காட்டைப் படகு இறங்கும் வசதிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. இதற்கு மேல் மாநிலப் பதிவுக் கட்டணத்தையும் மோட்டார் படகுக்காரர் தனியாகக் கட்டுகிறார். சனிக்கிழமை காலையில் தம் படகை டிரெய்லரில் இழுத்துக்கொண்டு துறைக்கு வருபவர், வாகன நிறுத்துமிடம் முழுவதும் கூரையில் கயாக் கட்டிய கார்களால் நிறைந்திருப்பதைப் பார்த்து, ‘நான் கட்டிய காசில் இவர்கள் இறங்குகிறார்களே’ என்று நினைத்தால் அந்த நினைப்பில் நியாயம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்நாட்டில் கயாக்கில் ஏறுகிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கூட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டது பெரிய குறையாகத் தெரியவில்லை. இன்று அப்படி விட முடியாது.

அந்த வாதத்துக்கு மறுமொழியாகச் சொல்லத்தக்கவையும் உண்டு. கயாக்கில் செல்பவர்களில் கணிசமானோர் மீன் பிடிப்பவர்கள். அவர்கள் தூண்டில் வரியையும் மீன்பிடி உரிமக் கட்டணத்தையும் ஏற்கெனவே கட்டுகிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்தப் பணத்தில் எழும் கட்டுமானம் யாருக்காக வடிவமைக்கப்படுகிறது என்பது. மோட்டார் படகுத்துறை என்பது தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் கான்கிரீட் தளம். டிரெய்லரின் சக்கரம் வழுக்காமல் இருக்க அதில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். கயாக்கை அதில் வைத்து உட்கார்ந்து தள்ளினால் அடிப்பாகம் அந்த வரிகளில் உரசிச் சுரண்டப்படும். பக்கத்தில் இருக்கும் மேடையோ மோட்டார் படகின் விளிம்பு உயரத்துக்குக் கட்டப்பட்டது. தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிய இருக்கையில் அமர வேண்டியவர், இடுப்பளவு உயரத்திலிருந்து ஆடும் படகுக்குள் இறங்குவது எளிதன்று. முழங்கால் வலியுள்ளவர்களும் வயதானவர்களும் அந்த இடத்தில்தான் தண்ணீரில் விழுகிறார்கள். துடுப்புப் போடுபவருக்குத் தேவைப்படுவது சரளைக்கல் பரப்பிய ஒரு சாய்வான கரை, அல்லது தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் மிதக்கும் ஒரு தட்டு, நாலைந்து கார்கள் நிற்க இடம், ஆற்றில் குறுக்கே தடுப்பணை இருந்தால் அதைச் சுற்றிப் படகைத் தூக்கிச் செல்ல ஒரு பாதை, அணைக்கு மேலே தெளிவாகத் தெரியும் எச்சரிக்கைப் பலகை. இவ்வளவுதான். மோட்டார் படகுத்துறைக்கு ஆகும் செலவில் சிறு பங்கே இதற்குப் போதும். ஆனால் இதற்கென்று பணம் ஒதுக்கும் கணக்கு பல மாநிலங்களில் இல்லை. பணம் கட்டாத கூட்டத்துக்குத் திட்டக் கூட்டங்களில் குரலும் இல்லை. கட்டணமே கூடாது என்று சொல்லும் துடுப்புப் படகோட்டிகளிடம் நான் வைக்கும் கேள்வி இதுதான்: அந்தச் சரளைக் கரையை யார் அமைத்துத் தருவார்கள்?

அந்தத் தடுப்பணைகளைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் ஆறு ஒரே மட்டமாக ஓடுவதுபோலத் தெரியும். மூன்று நான்கு அடி உயரமே உள்ள அணையின் கீழ்ப்புறத்தில் தண்ணீர் தன்மேலேயே சுழன்று, விழுந்தவரையும் படகையும் வெளியே விடாமல் உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது அரிது. ஒஹாயோவில் டேட்டன் நகரத்தில் கிரேட் மயாமி ஆற்றின் குறுக்கே இருந்த அப்படிப்பட்ட ஓர் அணையை எடுத்துவிட்டு, படகுகள் இறங்கிச் செல்லத்தக்க சறுக்குவழிகளோடு மாற்றியமைத்து 2017இல் திறந்தார்கள். துடுப்புப் படகோட்டிகளிடமிருந்து பெறும் பணம் எங்கே போக வேண்டும் என்று கேட்டால் நான் முதலில் சுட்டிக்காட்டுவது இத்தகைய வேலையைத்தான். ஒருவர் உயிரோடு வீடு திரும்புவதற்கும் அந்தப் பணத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

பதிவை ஆதரிப்பவர்கள் அடுத்ததாகச் சொல்வது பாதுகாப்பு. கடலோரக் காவல்படையின் கணக்கின்படி 2023இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். இறப்புகள் அதிகம் நேரும் படகு வகைகளில் திறந்த மோட்டார் படகுகளுக்கு அடுத்த இடத்தில் கயாக் இருக்கிறது. இது கவலைக்குரியது, மறைக்கக் கூடாதது. ஆனால் அதே அறிக்கை சொல்லும் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். காரணம் தெரிந்த இறப்புகளில் நான்கில் மூன்று நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. படகின் முகப்பில் ஒட்டிய எண்ணால் இவர்களில் யாரைக் காப்பாற்றியிருக்க முடியும்? காப்பாற்றக்கூடியது லைஃப் ஜாக்கெட். அதைக் கட்டாயமாக்கப் பதிவு தேவையில்லை என்பதற்குச் சில மாநிலங்களே சாட்சி. மாசசூசெட்ஸில் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக், கேனோவில் செல்பவர் அதை அணிந்தே ஆக வேண்டும். நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் குளிர்மாதங்களில் சிறு படகுகளுக்கு இதே கட்டாயம் உண்டு. தண்ணீர் சில்லிட்டிருக்கும் மாதங்களில் கவிழ்ந்தவர் சில நிமிடங்களிலேயே கைகால் செயலிழந்துபோவார் என்ற உண்மையை அடிப்படையாகக் கொண்ட சட்டம் இது. குறி வைக்க வேண்டிய இடத்தில் குறி வைத்திருக்கிறது. இந்த மூன்று மாநிலங்களும் துடுப்புப் படகுக்குப் பொதுவான பதிவு கேட்பதில்லை.

படகு யாருடையது என்று கண்டுபிடிக்கப் பதிவு உதவும் என்பதும் ஒரு வாதம். ஆளில்லாமல் மிதந்துவரும் கயாக்கைப் பார்த்தால், அதில் இருந்தவர் மூழ்கிவிட்டாரா, இரவுக் காற்றில் கரையிலிருந்து படகு மட்டும் அடித்துக்கொண்டு வந்ததா என்று யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் தேடித்தான் ஆக வேண்டும். ஹெலிகாப்டரும் படகுகளும் மணிக்கணக்கில் சுற்றும். வேறெங்கோ உண்மையான ஆபத்தில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் உதவி தாமதப்படும். இதை நான் மிகவும் மதிக்கும் வாதம் என்றே சொல்வேன். ஆனால் கடலோரக் காவல்படையே இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு ஸ்டிக்கரை அதன் துணைப்படையினர் இலவசமாகவே தருகிறார்கள். படகு கண்டெடுக்கப்பட்டால் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள். நீங்கள் வீட்டில் இருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடும். அரசு அலுவலகத்தின் தரவுத்தளத்தில் ஒளிந்திருக்கும் பழைய முகவரியைவிட, படகிலேயே எழுதியிருக்கும் கைபேசி எண் விரைவாக வேலை செய்யும். கயாக்கோ கேனோவோ வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், இன்றே இதைச் செய்ய வேண்டும்.

இப்போது பதிவு என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். மோட்டார் படகுக்கான கூட்டரசு விதிப்படி, மாநிலக் குறியீட்டோடு கூடிய எண்ணை முகப்பின் இரு பக்கத்திலும், மூன்று அங்குலத்துக்குக் குறையாத உயரத்தில், நேரான தடித்த எழுத்துகளில், பின்னணியிலிருந்து எடுத்துத் தெரியும் நிறத்தில் பொறிக்க வேண்டும். மோட்டார் படகின் அகன்ற பக்கச் சுவருக்கு இது பொருந்தும். வளைந்து குறுகும் கயாக்கின் முகப்பில், அதுவும் எதுவும் எளிதில் ஒட்டாத பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில், அந்த எழுத்துகள் ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. கரையில் இழுத்து ஏற்றும்போது ஓரம் கிளம்பி, பிறகு ஒவ்வோர் எழுத்தாக உதிர்கின்றன. தேவதாரு மரத்தின் மெல்லிய கீற்றுகளை ஒட்டிக் கையால் கேனோ செய்பவர்களுக்கு அதன்மேல் எண் எழுதச் சொல்வது எவ்வளவு வேதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கிய படகின் பின்புறம் வலப்பக்கத்தில் பன்னிரண்டு எழுத்து எண்கள் கொண்ட அடையாளம் பொறித்திருக்கும். பதிவுப் படிவம் அதைக் கேட்கும். வீட்டில் செய்த படகுக்கு அது இருக்காது என்பதால் மாநிலத்திடம் விண்ணப்பித்து ஒன்றைப் பெற வேண்டும். பாட்டன் காலத்துக் கேனோவில் அது தேய்ந்து போயிருக்கும். ஒஹாயோ இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்திருக்கிறது: துடுப்புப் படகுகளுக்கு மாற்றுப் பதிவு என்று ஒன்றை வைத்து, கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் பெரிய எண்கள் வேண்டாம், ஸ்டிக்கர் போதும் என்று அனுமதிக்கிறது. இது வரவேற்கத்தக்கது. எண்ணே இல்லாமல் முறை நடக்குமென்றால் பதிவே இல்லாமல் ஏன் நடக்காது என்ற கேள்வியையும் இது எழுப்புகிறது.

பணக் கணக்கும் பதிவுக்கு எதிராகவே நிற்கிறது. மோட்டார் படகு பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள சொத்து. கைமாறும், திருடுபோகும், கடனுக்கு ஈடாகும். அதன் உரிமையை அரசு பதிந்து வைப்பதில் உரிமையாளருக்கே பயன் உண்டு. இருநூறு முந்நூறு டாலருக்குப் பெரிய கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கயாக்குக்கு அந்தப் பயன் கிடையாது. ஆனால் அதைப் பதிவதற்கு ஆகும் அலுவலக வேலை ஒன்றேதான்: விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது, தரவில் ஏற்றுவது, ஸ்டிக்கர் அச்சிட்டு அனுப்புவது, புதுப்பிக்க நினைவூட்டுவது, கைமாறினால் பெயர் மாற்றுவது. ஆண்டுக்கு ஏழெட்டு டாலர் என்று வைத்தால் அதில் பெரும்பங்கு இந்த வேலைக்கே போய்விடும். சரளைக் கரைக்கு மிஞ்சுவது சில்லறை. மிஞ்ச வேண்டும் என்று கட்டணத்தை உயர்த்தினால், இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நான்கு மலிவான கயாக் வாங்கிய குடும்பம் பெருந்தொகை கட்டும்; ஐம்பதாயிரம் டாலர் மோட்டார் படகுக்காரரோ ஒரே ஒரு பதிவுக்குக் கட்டுவார். படகை எண்ணிக் கட்டணம் வாங்கும் முறையின் அடிப்படைக் குறை இதுதான். ஒருவரிடம் ஏரிக்கு ஒன்று, வேகமான ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என மூன்று கயாக் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு துறையில் ஒன்றில்தான் இறங்குவார். துறையின் தேய்மானம் ஆளைப் பொறுத்தது. கொட்டகையில் எத்தனை படகு கிடக்கிறது என்பதைப் பொறுத்ததன்று.

ஆறுகள் பொதுச் சொத்து, அவற்றுக்குச் சுங்கம் கூடாது என்று துடுப்புப் படகோட்டிகள் சொல்வது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. அதற்கு ஆழமான வரலாறு இருக்கிறது. ஒஹாயோ, இண்டியானா, இலினாய், மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டாவின் ஒரு பகுதி ஆகியவை உருவான நிலப்பரப்புக்கென்று 1787இல் இயற்றப்பட்ட வடமேற்கு நிலப்பரப்பு ஆணையின் நான்காம் பிரிவு, மிசிசிப்பியிலும் செயின்ட் லாரன்ஸிலும் சென்று சேரும் நீர்வழிகளும், அவற்றுக்கு இடையே படகைச் சுமந்து கடக்கும் தரைவழிகளும், வரியோ தீர்வையோ சுங்கமோ இன்றி என்றென்றைக்கும் எல்லாருக்கும் திறந்த பொதுப் பெருவழிகளாக இருக்கும் என்று அறிவித்தது. சுமந்து கடக்கும் வழிகள் என்று அது தனியே குறிப்பிட்டதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சுமக்கப்பட்டவை கேனோக்களே. பூர்வகுடிகளும் தோல் வணிகர்களும் ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்கு அவற்றைத் தோளில் தூக்கிச் சென்றார்கள். 1848இல் எழுதப்பட்ட விஸ்கான்சின் அரசமைப்பில் இந்தச் சொற்கள் இன்றும் இருக்கின்றன; அங்கே துடுப்புப் படகுக்குப் பதிவு இல்லை. அதே ஆணையின் நிலத்தில் பிறந்த ஒஹாயோவும் மின்னசோட்டாவும் பதிவு கேட்கின்றன. மாநிலமாகிவிட்ட பிறகு அந்த ஆணையின் பிடி அப்படியே தொடர்வதில்லை என்று நீதிமன்றங்கள் கூறியிருப்பதால் இதைச் சட்டமீறல் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆணையை எழுதியவர்களின் எண்ணத்துக்கு எது நெருக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த வரலாறே மறுபக்கத்தையும் சொல்கிறது. இலினாய் ஆற்றில் மாநிலம் அணையும், படகுகளை ஏற்றியிறக்கும் மதகுப்பூட்டுகளும் கட்டி, அவற்றின் வழியே செல்லும் படகுகளிடம் கட்டணம் வாங்கியது; 1787ஆம் ஆண்டின் உறுதிமொழிக்கு இது முரண் என்று வழக்கு வந்தது. 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இயற்கையான ஆற்றில் செல்வதற்கு வாங்கும் தீர்வை வேறு, அரசு செலவழித்துக் கட்டிய வசதியைப் பயன்படுத்தியதற்கு ஈடாக வாங்கும் கட்டணம் வேறு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். என் நிலைப்பாடும் இந்தக் கோட்டின் மேலேதான் நிற்கிறது. கட்டிய துறைக்குக் கட்டணம் கேளுங்கள், ஆற்றுக்குக் கேட்காதீர்கள்.

இந்தக் கோட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றுவது பென்சில்வேனியா. அங்கே மோட்டார் இல்லாத படகுக்குப் பதிவு தேவையில்லை. மாநில மீன், படகு ஆணையத்தின் துறைகளிலோ, மாநிலப் பூங்காக்களின் துறைகளிலோ இறங்குவதானால் மட்டும் இறங்கு அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கிப் படகில் ஒட்ட வேண்டும். நகராட்சிப் பூங்காவிலிருந்தோ, நண்பரின் தோட்டத்துக் கரையிலிருந்தோ இறங்கினால் எதுவும் வேண்டாம். வாஷிங்டன் மாநிலம் 2011இல் கொண்டுவந்த டிஸ்கவர் பாஸ் இன்னொரு வழி: மாநிலப் பொழுதுபோக்கு நிலங்களில் காரை நிறுத்துவதற்கு ஆண்டுச் சீட்டு, வந்தவர் நடக்கிறாரா, துடுப்புப் போடுகிறாரா என்று அது கேட்பதில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கார், ஒரு சீட்டு என்பதால் நான்கு கயாக் வைத்திருப்பவருக்கும் சுமை கூடுவதில்லை.

ஓரிகன் மாநிலம் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நீர்வழி அணுகு அனுமதி என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பத்து அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள மோட்டார் இல்லாப் படகுகளுக்கு, தொடக்கத்தில் வாரத்துக்கு 5 டாலர், ஆண்டுக்கு 17, இரண்டு ஆண்டுகளுக்கு 30. இதில் பாராட்டத்தக்கவை இரண்டு. அனுமதி ஒரு படகோடு கட்டுண்டதன்று. ஒரே சீட்டை இன்று ஒரு படகிலும் நாளை இன்னொன்றிலும் எடுத்துச் செல்லலாம். வரும் பணத்தில் பெரும்பகுதி துடுப்புப் படகு இறங்குமிடங்களை அமைக்கவும் சீர்செய்யவும் என்று தனிக் கணக்காக ஒதுக்கப்படுகிறது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அனுமதி தேவையும் இல்லை. குறை ஒன்று உண்டு: எந்தக் கரையிலிருந்து இறங்கினாலும் சீட்டு வேண்டும் என்பதால், வசதியைப் பயன்படுத்தாதவரும் கட்ட வேண்டியிருக்கிறது. பென்சில்வேனியாவின் எல்லையும் ஓரிகனின் கணக்கும் சேர்ந்த ஒரு முறை எங்காவது வந்தால் நான் முழு மனத்தோடு ஆதரிப்பேன்.

படகுகளில் ஒட்டிவந்து பரவும் ஆக்கிரமிப்பு உயிரினங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இப்போது மேற்கு மாநிலங்களில் கட்டணத்துக்குச் சொல்லப்படும் முதற்காரணம் அதுதான். 1988இல் பேரேரிகளின் பகுதியில் வரிமட்டியும், 2007இல் கொலராடோ ஆற்றின் மீட் ஏரியில் குவாகா மட்டியும் கண்டறியப்பட்டன. விரல்நக அளவே உள்ள இவை குழாய்களுக்குள் அடுக்கடுக்காக ஒட்டி அடைத்துவிடும். குடிநீர், பாசனம், நீர்மின் நிலையம் எதையும் விடா. 2023 செப்டம்பரில் ஐடஹோவில் ஸ்நேக் ஆற்றில் குவாகாவின் குஞ்சுகள் தென்பட்டபோது, மாநிலம் ஆற்றின் ஒரு பகுதிக்குள் செம்பு கலந்த மருந்தைச் செலுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டும் மீண்டும் செய்தார்கள். சாலையோரப் படகுச் சோதனைக்கு ஐடஹோவில் மோட்டார் இல்லாப் படகும் 7 டாலர் ஸ்டிக்கர் வாங்குகிறது. கயாக்கில் தண்ணீர் தேங்கும் தொட்டிகளோ எந்திரக் குளிர்விப்புக் குழாய்களோ இல்லை என்பதால் ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஈரமான கயிற்றிலும் இருக்கைக்கு அடியில் தேங்கிய நீரிலும் குஞ்சுகள் பயணிக்கும். இந்தக் கட்டணத்தை நான் எதிர்க்கவில்லை. ஆற்றில் செல்வதற்கான சுங்கமாக இதைக் கருத முடியாது. ஆற்றைக் காக்கும் காவலுக்கான பங்கு இது, எல்லா நீர்நிலைகளுக்கும் ஒரே அளவில் பயன் தருவது. ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பொதுப் பதிவைக் கொண்டுவந்து, பணத்தை வேறு பள்ளத்தில் கொட்டினால் அதை எதிர்க்க வேண்டும்.

உங்கள் மாநிலத்தின் வரைவு வெளிவந்ததும் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்காமல், உள்ளே நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். கட்டணம் எதன்மேல் விழுகிறது: படகின்மேலா, ஆளின்மேலா, துறையின்மேலா? வரும் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகிறதா, சட்டத்திலேயே பூட்டிய தனி நிதியத்துக்கா? அந்த நிதியத்தில் எவ்வளவு துடுப்புப் படகு வசதிக்கு என்று எழுதியிருக்கிறதா, அல்லது படகுத்துறைகள் என்று பொதுவாக விட்டிருக்கிறதா? பிள்ளைகளுக்கும், வாடகைப் படகு நடத்தும் சிறு கடைகளுக்கும், உடன்படிக்கை உரிமையோடு தங்கள் நீர்நிலைகளில் செல்லும் பூர்வகுடிகளுக்கும் விலக்கு இருக்கிறதா? நிதி ஒதுக்கீட்டைப் பொதுவாக விட்டிருந்தால் பெரும்பகுதி மீண்டும் கான்கிரீட் சாய்தளங்களுக்கே போகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெட்ட எண்ணத்தால் அன்று, அதிகாரிகளுக்குக் கட்டத் தெரிந்தது அதுவாக இருப்பதால்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நேரில் செல்லுங்கள். எதிர்ப்பு என்று மட்டும் பதிவு செய்துவிட்டு வந்தால் கட்டணத்தைத் தள்ளிப்போடலாம். துறையைப் பெற முடியாது. ‘படகு ஒன்றுக்கு’ என்ற சொற்களை நீக்கி ‘மாநிலத் துறையில் இறங்கும் நபர் ஒருவருக்கு’ என்று மாற்றவும், ஒரு படகிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத்தக்க சீட்டாக ஆக்கவும், முதல் இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த ஆற்றில் எந்தெந்த இறங்குமிடம் அமையும், எந்தத் தடுப்பணைக்கு எச்சரிக்கையும் சுற்றுப்பாதையும் வரும் என்ற பட்டியலைச் சட்டத்தோடு இணைக்கவும் கேளுங்கள். இந்த மாற்றங்கள் ஏற்கப்பட்டால் ஆதரியுங்கள். பதிவு என்ற வடிவமே மாறாது என்று அவர்கள் நின்றால் எதிர்த்து வாக்களிக்குமாறு உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.